சரோஜத்தின் செங்கல்

கரமனை,
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

செல்லப் பெண் சுப்ரியாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதங்கள். இங்கே நானும் அப்பாவும் அப்பாவின் சர்க்கரையும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். பெர்கனில் மழை விட்டு ஒரு நாளாவது நீ குடையில்லாமல் காலேஜுக்குப் போனாய் என்று கேட்க அந்தப் பத்மநாபன் அருளட்டும். தினம் போனில் முகம் பார்க்கிறோமே, எதற்கு இப்போது கடிதம் என்பாய். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அதனால்தான்.

ஜனவரியில் நீ ஒரு வேலை கொடுத்தாய், ஞாபகம் இருக்கா? இந்த ஊரையே பார்த்திராதவள் மாதிரி பொங்காலையைப் பார்த்து எழுது அம்மா, யார் எங்கே உட்காருகிறார்கள், யார் யாரை என்னவென்று கூப்பிடுகிறார்கள், யாருமே எழுதி வைக்காமல் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் என்னென்ன, என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேணும் என்றாய். இதற்குப் போயா சமூகவியல் என்று பேர் வைத்துப் பத்து வருஷம் படித்தாய் என்று சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு என்னவோ ஆகிவிட்டது. காலையில்தான் ரயிலை விட்டு இறங்கினவள் போல நடமாடுகிறேன். கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஏறினால், யாரும் சொல்லாமலே பெண்கள் முன்னாலும் ஆண்கள் பின்னாலும் பிரிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். கண்டக்டரிடம் மலையாளத்தில் உரக்கப் பேசுகிற நானே அப்பாவிடம் திரும்பியதும் குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு வருகிறேன், நாற்பது வருஷமாக இது எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாள் பரீட்சை பண்ணிப் பார்க்கலாமே என்று அப்பாவின் பேப்பர் படிக்கிற நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தேன். பாவம், திட்டவில்லை, வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளி மாதிரி கூடத்தில் பேப்பரோடு நின்றுகொண்டே இருந்தார். எனக்கே இரக்கமாகி எழுந்துவிட்டேன்.

சரி, பொங்காலைக்கு வருகிறேன். உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் உன் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். கும்ப மாதத்தில், அதாவது நம் மாசியில், ஒரு நாள் ஆற்றுகால் பகவதிக்காக ஊரில் உள்ள தெருவெல்லாம் பெண்களுடையதாகிவிடும். இரண்டு நாள் முன்னாலேயே வந்து, பொங்கல் வைக்கிற அடுப்புக்கு மூன்று செங்கல்லை வைத்து, சாக்பீசில் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். அப்புறம் கலெக்டர் பெண்டாட்டியானாலும் அந்தச் செங்கல்லைத் தொடமாட்டாள். நம் அக்கிரகாரத்து வாசலெல்லாம் திறந்து கிடக்கும், எங்கிருந்தோ வந்தவர்கள் நம் குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள், நம் குளிமுறிக்குப் போய்க் குளிப்பார்கள். அன்றைக்கு எல்லோரும் எல்லோருக்கும் அக்கா, சேச்சி. கோயிலில் பற்றவைத்த நெருப்பு அடுப்புக்கு அடுப்பு கைமாறி நம் தெருவரை வரும், யார் கையிலிருந்து யார் கைக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. பத்தரை பதினோரு மணிக்கு ஊர் முழுக்கப் புகை. பக்கத்தில் இருப்பவள் முகம்கூடத் தெரியாது, வளையல் சத்தமும் பொங்குகிற வாசனையும்தான். கண் எரியும், நெஞ்சு கரிக்கும், ஆனாலும் அந்தப் புகைக்குள் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வயசும் கிடையாது, பேரும் கிடையாது. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே வருஷம் முழுக்கக் காத்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

நம் வாசலில் எனக்கு இடது பக்கம் வருஷா வருஷம் உட்காருகிறவள் சரோஜம். உனக்கு லேசாக ஞாபகம் இருக்கும், பாறசாலைப் பக்கத்திலிருந்து முதல் வண்டியில் வருவாளே, ஒல்லியாக, எப்போதும் சிரித்த முகமாக. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அடுப்பெரிக்க வைத்திருந்த என் தென்னம்பாளை ஈரமாகிப் பற்றவே மாட்டேன் என்றது. அவளாகத் தன் அடுப்பிலிருந்து எரிகிற கட்டை ஒன்றை உருவி என் அடுப்பில் செருகினாள், அப்படி ஆரம்பித்தது. அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் நாங்கள் பேசாத பேச்சில்லை. அவள் புருஷன் போனது, ஆரியசாலையில் ஒரு மண்டியில் வற்றல் மிளகாய் தெரிந்தெடுக்கிற வேலைக்குச் சேர்ந்தது, மகள் ஜிஜி கணக்கில் தப்பிப் பிழைத்தது, பிறகு நர்சிங் படித்தது எல்லாம் எனக்கு அத்துப்படி. நீ வெளிநாடு போன வருஷம் நான் அழுததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான், அப்பாவுக்குக்கூடத் தெரியாது, புகை என்று சொல்லிவிட்டேன். ஆனால் சாயங்காலம் தீர்த்தம் தெளித்ததும் பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விடுவாள், அப்புறம் அடுத்த கும்பம் வரை அவளை நான் நினைத்ததுகூட இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் பொங்காலை கழிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், அத்தை பையன் அனந்தின் கல்யாணத்துக்கு மொத்தமாகச் சாமான் வாங்க ஸ்ரீலட்சுமி அத்தையோடு ஆரியசாலைக்குப் போனேன். ஒரு மண்டியில் மிளகாய் விலை கேட்டுக்கொண்டு நின்றோம். உள்ளே சாக்கு விரித்து ஏழெட்டுப் பெண்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி துணியை இறக்கிவிட்டு எழுந்தாள், அக்கா என்று கூப்பிட்டாள், முகமெல்லாம் சிரிப்பு. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, யாரு மன்னி அது, உங்களை அக்காங்கறா என்றாள். சுப்ரியா, உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா?

"தெரியலை. ஆள் மாறிப் பேசறா."

அவளுக்குக் கேட்கும்படிதான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை, சூடான பாத்திரத்திலிருந்து கை தானாகப் பின்வாங்குமே, அப்படி. அவள் துணியை மறுபடி மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் மல்லி விலை கேட்டேன்.

இந்த வருஷம் நீ சொன்னாய் என்று நோட்டுப்புத்தகமும் கையுமாக இரண்டு நாள் முன்னாலேயே வாசலில் செங்கல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இடது பக்கம் காலி. நாலு வீடு தள்ளி வைத்தியநாதன் மாமா வீட்டு வாசலில் சாக்பீசில் சரோஜம் என்று எழுதியிருந்தது. யாரும் யாரையும் விலக்காத நாளில் அவள் என்னிடமிருந்து நாலு வீடு விலகிப் போயிருக்கிறாள். பொங்காலையன்று கொல்லத்திலிருந்து வந்த யாரோ ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் பேசினாள், நல்ல மாதிரிதான், ஆனால் எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. புகையினூடே அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போக நாலு வீடு என்ன தூரமா? கால் வரவில்லையே. நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை.

அதோடு விட மனசில்லை. செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் பல் டாக்டரிடம் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ஆரியசாலைக்குப் பஸ் ஏறினேன். மண்டி வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சரோஜம் என்று கூப்பிட்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு வேறு. அவளோ வெலவெலத்துப்போய் கல்லாவில் இருந்த முதலாளியைப் பார்த்தாள், என் அருகில் வந்து, இங்க வச்சு வேண்டாம் அக்கா, மொதலாளி பாக்காரு, ஒண்ணரைக்கு வெளிய வருவேன் என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டாள். பார்த்தாயா, மன்னிப்புக் கேட்பதற்குக்கூட எனக்கு வசதியான இடத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டேன், அவளுக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று யோசிக்கவில்லை. ஒண்ணரை வரை வெயிலில் ஒரு பூட்டின கடையின் ஷட்டரை ஒட்டி நின்றேன். வந்தாள். நான் தப்பு பண்ணிவிட்டேன் என்று ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. இந்த முறை சாக்குச் சொல்லப் புகையும் இல்லை. அவள் அழவில்லை. மனசுக்கு வெஷமம் இருந்துதான் என்றாள். கொஞ்ச நேரம் மிளகாய் ஏறின கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம ஜிஜிக்கு நிச்சயம். எங்க ஆளுவ எல்லாம் இருப்பாவ. அவிய முன்னால, என் வீட்டுக்கு வருவியளா அக்கா?"

வருகிறேன் என்றேன். பத்தொன்பது வருஷத்தில் நான் அவளை ஒரு தடவைகூட நம் கூடத்தில் உட்காரச் சொன்னதில்லை என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. குளிமுறிக்குப் போகப் பின்பக்கத்து வழியைத்தான் காட்டியிருக்கிறேன், அவளும் அதுதான் வழி என்று போய்வந்திருக்கிறாள்.

நேற்று ஜிஜிக்கு ஒரு புடவை எடுக்கக் கிழக்கேகோட்டைக்குப் போனேன், வேண்டுமென்றே ஸ்ரீலட்சுமி அத்தையையும் கூட்டிக்கொண்டுதான். கடைக்காரப் பையன் வழக்கம்போலக் கேட்டான், வேலைக்கு நிற்பவர்களுக்குக் கொடுக்கவா, சொந்தத்துக்கா என்று. அதற்குத் தகுந்த அலமாரியைத் திறக்க வேண்டுமாம். இத்தனை நாள் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லி வந்தவள்தான் நானும். சிநேகிதியின் பெண்ணுக்கு என்றேன். காது இரண்டும் சுட்டது. எந்த சிநேகிதி மன்னி, எனக்குத் தெரியாம என்று அத்தை கேட்டாள். பஸ் ஸ்டாப்பில் நின்று மண்டியில் நடந்தது முதல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கரமனைப் பாலத்தில் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது சொன்னாள்.

"அன்னிக்கே தெரியும் மன்னி. அவ முகத்தை நானும் பார்த்தேனே. நீங்க தெரியலைன்னு சொன்னது எனக்கும் சௌகரியமா இருந்தது."

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை வண்டி. அங்கே என்னை எங்கே உட்கார வைப்பார்கள், நல்ல நாற்காலியாகப் பார்த்து எனக்கு மட்டும் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று நேற்றிலிருந்து இதே கவலை. அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், பல் டாக்டர் பொய் உட்பட. நானும் வரட்டுமா என்று கேட்டார், இந்தத் தடவை வேண்டாம் என்றேன்.

நீ ராத்திரி பட்டினியாகப் படுக்காதே, தலைக்கு எண்ணெய் வை, அங்கத்திய தண்ணீரில் முடி கொட்டுகிறது என்று அழுகிறாயே. யாராவது வாசல் கூட்டுகிறவர்கள், கோப்பை கழுவுகிறவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தால் நின்று பேரைக் கேட்டுக்கொள். நீண்ட ஆயுசும் நல்ல மனசுமாக நீ இருக்கவேண்டும் என்பதே என் பிரார்த்தனை. மறக்காமல் ஒன்று செய். இந்தக் கடிதத்தை உன் வகுப்பில் படித்துக் காட்டுவதாக இருந்தால் சரோஜத்தின் பேரையும் ஜிஜியின் பேரையும் மாற்றிவிடு, நான் இன்னும் அவளைக் கேட்கவில்லை. என் பேர் அப்படியே இருக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
பாகீரதி ஸ்ரீகண்டன்