பதினொன்றுக்குப் பதினொன்று

மார்ச் 3, திங்கள்

ஒரு முட்டை பொரித்துச் சாப்பிடப் பதினோரு படிகள். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது, இதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. கை கழுவு, தட்டை எடு, ரொட்டியை வை, வாணலியை அடுப்பில் வை, பற்றவை, எண்ணெய் விடு, முட்டையை உடைத்து ஊற்று, திருப்பிப் போடு, அடுப்பை அணை, முட்டையைத் தட்டுக்கு மாற்று, மேசைக்குக் கொண்டுபோய் உட்கார். மறுவாழ்வு மையத்தில் அச்சடித்துக் கொடுத்த தாள். ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு கட்டம்.

என் மனைவிக்கு மூளைக்காய்ச்சல் வந்து நான்கு மாதம் ஆகிறது. "கை, கால், பேச்சு, ஞாபகம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆரம்பிக்கிறதுதான் போயிடுச்சு" என்றார் டாக்டர். தேநீரை முன்னால் வைத்தால் அது ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "குடி" என்றால் குடிப்பாள். ஒன்றை முடித்தால் அடுத்தது தொடங்காது.

பயிற்சியைக் கடைசியிலிருந்து தொடங்க வேண்டுமாம். முதல் பத்துப் படிகளை நான் செய்ய, பதினொன்றாவது மட்டும் அவள். நன்றாக வந்ததும் பத்தாவதையும் அவளிடம் விட வேண்டும். எப்போது செய்தாலும் சாப்பாட்டில் முடியும், அதனால் அலுக்காது என்றார் பயிற்சியாளர். யார் கண்டுபிடித்தார்களோ, கெட்டிக்காரத்தனம்!

என் விடுப்பு ஏப்ரல் ஆறாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் அவள் காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை தனியாக இருக்கப் பழக வேண்டும். இல்லையென்றால் அவளுடைய அக்கா வந்து தன் ஊருக்கு அழைத்துப் போய்விடுவார். அக்கா நல்லவர்தான். ஆனால் ரயிலில் ஒரு நாள் முழுக்கப் போக வேண்டிய தூரம்.

"நீ என்ன சொல்ற?" என்று கேட்டேன். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியவில்லை.

"இங்கயே" என்றாள்.

மார்ச் 6, வியாழன்

ஐந்து விநாடி காத்திருக்க வேண்டும் என்பது விதி. அவள் நின்றுவிட்டால் உடனே வாயைத் திறக்கக் கூடாது. ஐந்து விநாடிக்குப் பிறகு சைகை, அப்புறம் சொல், கடைசியில்தான் கையைப் பிடிப்பது. கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் தா, சை, சொ, கை என்று எழுத வேண்டும். தானாகச் செய்தால் தா.

எனக்கு இரண்டு விநாடி கூடத் தாங்கவில்லை. பயிற்சியாளர் எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதன் ரகசியம் இன்றுதான் புரிந்தது. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மனதுக்குள் அவருக்குக் கைகட்டி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"சார், உங்க கை முன்னாடி போகுது. பேசாம கட்டிக்கோங்க."

கட்டிக்கொண்டால் டிக் யார் போடுவது என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கடைசி ஏழு படிகள். ஏழும் தா!

மார்ச் 19, புதன்

பதினொன்றுக்குப் பதினொன்று. முழுத்தாளும் தா. தலைகால் புரியவில்லை எனக்கு. அக்காவுக்குப் போன் போட்டு, நீங்கள் சிரமப்பட வேண்டியதே இல்லை என்று சொல்லிவிட்டேன். "நிஜமாவா தம்பி?" என்று மூன்று தடவை கேட்டார்.

நான் எடையளவு ஆய்வாளன். இருபத்தாறு வருடமாக ஊரார் தராசுகளுக்கு முத்திரை குத்துகிறவன். கண்ணால் பார்த்துத் தாளில் ஏற்றினால் அது சரியாகத்தான் இருக்கும். அவளிடம் தாளைக் காட்டினேன். பார்த்தாள். "ம்" என்றாள்.

மார்ச் 22, சனி

கைகட்டி வீட்டுக்கு வந்தார். என்னை முன்னறையில் உட்காரச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு சமையலறை வாசலில் நின்றார். குழாய்ச் சத்தம் கேட்டது, நின்றது. அப்புறம் எதுவுமே கேட்கவில்லை. இருபது நிமிடம்.

எட்டிப் பார்த்தேன். ஈரக் கையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பதினொன்றுக்கு ஒன்று.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. புது ஆளைப் பார்த்து மிரண்டுவிட்டாள், நீங்கள் அப்படி முறைத்துப் பார்த்தால் யாருக்குத்தான் கை ஓடும் என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை.

"உங்ககிட்டேருந்து அவங்களுக்கு ஏதோ போகுது சார். என்னன்னு எனக்கும் தெரியல. நீங்களே பாருங்க."

என்ன போகும் என்னிடமிருந்து? வாயைத் திறக்கவில்லை, கை நீட்டவில்லை. பொய் எழுதினேன் என்கிறாரா?

மார்ச் 23, ஞாயிறு

கோபம் இறங்கியபின் யோசித்தேன். போன வருடம் ஒரு கறிக்கடையில் தராசு எல்லாச் சோதனையிலும் தேறியது, ஆனாலும் எடை குறைந்தது. தட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய கம்பி. கடைக்காரர் முழங்காலால் இழுத்துக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்தேன். இப்போது என் வீட்டுச் சமையலறையில் கம்பி நான்தானா?

சரி, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்போம்.

காலை: முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தேன். பதினொன்று. முகம் இல்லை.

மதியம்: எனக்குச் செருமும் பழக்கம் உண்டு. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டேன். பதினொன்று. (ஒரே நாளில் இரண்டு முட்டை. முகம் சுளித்தாள்.)

மாலை: செருப்பைக் கழற்றிவிட்டு அசையாமல் நின்றேன். ரொட்டி மட்டும் வைக்கச் சொன்னேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அப்புறம் என்னதான்?

மார்ச் 24, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். மகிழ்ச்சிப்படத்தான் முடியவில்லை.

காலையில் நான்காவது படியில் பேனா மை தீர்ந்தது. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று சும்மா நின்றேன். அவளும் நின்றுவிட்டாள். வாணலி அடுப்பில், கை தீப்பெட்டியின் மேல். ஐந்து விநாடி, பத்து, முப்பது. வேறு பேனா எடுத்து வந்து, தாள் செருகிய அட்டையில் ஒரு டிக் போட்டேன். சரக்கென்று சத்தம். உடனே தீக்குச்சியை உரசினாள்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். என் ஆய்வாளர் புத்தி விடுமா? முட்டையைத் திருப்பிப் போட்டதும் ஒரு டிக். அவள் அடுப்பின் குமிழைத் தொடும் முன்பே, வேண்டுமென்றே இன்னொரு டிக். கையை எடுத்துக்கொண்டாள். முட்டையைத் தட்டுக்கு மாற்றினாள், மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். பின்னால் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. வெறும் வாணலி புகைந்தது. நான்தான் ஓடிப்போய் அணைத்தேன்.

"அடுப்பை ஏன் அணைக்கல?"

"நீங்க டிக் போட்டீங்களே."

"டிக் போட்டா?"

"முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

மூன்று வாரமாக அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. "ஏன்டி சொல்லல?" என்றேன். "நீங்க கேக்கலயே" என்றாள். அது நோயின் பதிலா, அவளுடைய பதிலா? கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் பதில் சொல்வாள்.

நான் அளப்பதே அவளை அடுத்த படிக்குத் தள்ளிவிட்டிருக்கிறது. நான் அக்காவிடம் அளந்து சொன்ன பதினொன்றும் என்னுடையதுதான். வெட்கமாக இருந்தது. அக்காவுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். ஏப்ரல் இரண்டாம் தேதிக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கைகட்டி அதைக் காதிலேயே வாங்கவில்லை. "பேனாச் சத்தமா? அட!" என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, "அப்போ டிக்கை அவங்களே போடட்டும்" என்றார்.

பேனாவை நீட்டினோம். அவள் வாங்கவில்லை.

"நான் என்ன இவர் ஆபீஸா?"

கைகட்டி விடவில்லை. அவள் தையல்காரி என்பது அவருக்குத் தெரியும். மெஷின் நான்கு மாதமாகத் துணி போர்த்தி மூலையில் நிற்கிறது. "தைக்கும்போது ஒரு இடம் முடிஞ்சுதுன்னு எப்படிக்கா தெரிஞ்சுக்குவீங்க?"

"குண்டூசியை எடுத்துருவேன்."

நான் திகைத்துப்போனேன். சேர்க்க வேண்டிய துணிகளைக் குண்டூசியால் பிடித்து, தைத்துக்கொண்டே வந்து ஒவ்வொன்றாக உருவி, ஊசி குத்தி வைக்கும் சின்னப் பஞ்சுமெத்தையில் குத்துவாள். எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்! உருவிய ஊசிக்கு அடுத்து இன்னொரு ஊசி. அடுத்தது எது என்று அவள் கைக்கே தெரியும்.

சமையலறைச் சுவரில் ஒரு துணிப்பட்டை தொங்குகிறது. அதில் பதினோரு குண்டூசி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னப் படம். கீழே பஞ்சுமெத்தை. ஒரு படி முடிந்ததும் அதன் ஊசியை அவளே உருவி மெத்தையில் குத்த வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

மூன்று.

மார்ச் 29, சனி

காலையில் நான்கு. மதியம் இரண்டு ஊசியைச் சேர்த்து உருவிவிட்டாள். எண்ணெய் விடாமல் முட்டையை ஊற்றி, அது அடிப்பிடித்து நாறியது. நான் வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று தட்டை வைத்தாள். வைத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"பாக்காதீங்க! என்னைப் பாத்துக்கிட்டே நிக்காதீங்க!"

நாலு மாதத்தில் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு. திட்டுதான். மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அரை மணி கழித்துப் போய் ஊசிகளை எண்ணினேன். ஏழு பஞ்சுமெத்தையில் இருந்தன.

தாளை இன்றோடு விட்டுவிட்டேன். உருவிய ஊசிகளைப் பிறகு எண்ணிக்கொள்கிறேன்.

மார்ச் 31, திங்கள்

ஒன்பது. நான் மாடிப்படியில் பேப்பர் படித்தேன். ஒரே பக்கத்தை நாற்பது நிமிடம்.

ஏப்ரல் 2, புதன்

அக்கா வந்துவிட்டார், காலிப் பெட்டியோடு. தங்கையைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார். மதியம் அவள் சமையலறைக்குள் போனதும் பின்னாலேயே போய், "நீ உக்காருடி, நான் பண்றேன்" என்று வாணலியைப் பிடுங்கினார். நான் என் கையைக் கட்டிக்கொண்டேன். இந்த விஷயத்தில் எனக்கு வாயைத் திறக்க என்ன யோக்கியதை?

"அக்கா, கையை எடு."

அக்கா எடுத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நானும் அவரும் மாடிப்படியில் உட்கார்ந்தோம். உள்ளே போனபோது பதினோரு ஊசி, அணைந்த அடுப்பு, மேசையில் அவள்.

"ஒரு முட்டைக்கு இத்தனை கூத்தா தம்பி" என்று அக்கா கண்ணைத் துடைத்தார். இரவுச் சாப்பாட்டின்போது வேறு மாதிரி பேசினார். "இன்னிக்குச் சரி. யாரும் இல்லாதப்ப நெருப்பு பத்திக்கிட்டா? இவ ஓடக்கூட ஆரம்பிக்க மாட்டாளே?" என் மூன்று வார டிக்குகளுக்குப் பிறகு என் பேச்சை யார் நம்புவார்கள்? ஏழாம் தேதி ஒரு நாள் பார்ப்பது, சரிப்படாவிட்டால் எட்டாம் தேதி கிளம்புவது என்று முடிவானது. அதுவரை அக்கா தன் சினேகிதி வீட்டில் தங்குகிறார். பெட்டி எங்கள் அலமாரி மேல்.

ஏப்ரல் 7, திங்கள்

வேலைக்குப் போன முதல் நாள். சந்தையில் பதினாறு தராசுகள். பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. போன் அடித்தால் எடுப்பது நாங்கள் தனியாகப் பழக்கியிருந்த ஒன்று. மறுபடி. மறுபடி. நான்கு தடவை. எடைக்கல்லைக் கடைக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

வீட்டு வாசலில் பூட்டு. வெளியிலிருந்து பூட்டியிருக்கிறது. என் சாவியோ ஆபீஸ் மேசையில். ஜன்னல் வழியாக மூக்கை நுழைத்து மோந்து பார்த்தேன், புகை வாசனை இல்லை. உள்ளே போன் அடிக்கிறது, நான்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். ரயில் நிலையம், ஆற்றுப் பாலம் என்று என்னென்னவோ நினைத்துவிட்டேன். எங்கே போய்த் தேடுவது? அவள் ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்று நினைக்கவே மாட்டாளே.

தெருமுனையில் அவள் வந்தாள். நிதானமாக. கையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலமும் மெஷின் எண்ணெய்க் குப்பியும்.

என்னைப் பார்த்து நின்றாள்.

"என்ன, இன்னிக்கு ஆபீஸ் இல்லையா?"

அவள் பூட்டைத் திறந்தாள். பஞ்சுமெத்தையில் பதினோரு ஊசி. அடுப்பு அணைந்திருந்தது. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. கழுவுவது எந்தப் படியிலும் இல்லை. மெஷினின் போர்வை மடித்து நாற்காலியில். பொட்டலத்தைப் பிரித்துப் புது ஊசியை எடுத்து மெஷினில் மாட்டினாள்.

"பழசு துருப்பிடிச்சிருச்சு. நீங்க நிக்காதீங்க, வெளிச்சம் மறைக்குது."

நகர்ந்து நின்றேன். அக்காவிடம் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"நானே பேசிக்கறேன்" என்றாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் அக்கா காலிப் பெட்டியோடு தனியாக ரயிலேறினார். பதினொரு மணிக்கு மீன் கடையில் இருந்தேன். கை சட்டைப் பைக்குப் போனது, போனைத் தொட்டது, அப்படியே திரும்பி வந்தது. அடுத்த தராசை எடுத்துக்கொண்டேன்.