ஊசிக்கு மேலே ஏறிய தண்ணீர்

அன்புள்ள செண்பகத்துக்கு,

நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ராஜபாளையத்துப் பிள்ளைகளுக்கு நேற்று சவ்வூடு பரவலைச் செய்து காட்டினேன். உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றினேன். அதன் மட்டத்தில் குண்டூசி குத்தி, கிழங்கைத் தண்ணீர்த் தட்டில் வைத்தேன். தட்டுத் தண்ணீர் கிழங்கு வழியே உள்ளே ஊறி, கரைசல் ஊசிக்கு மேலே ஏறும் என்றேன்.

"நாம சாப்பிடப் போனதும் சாரே ஊத்திருவாரு" என்றாள் யோகேஸ்வரி. வகுப்பே சிரித்தது.

"நீயே காவல் இரும்மா" என்றேன். ஏறாவிட்டால் இனி என்னை யார் நம்புவார்கள் என்று வராந்தாவிலேயே நின்றேன்.

மாலையில் அவள் குரல் கேட்டது. "ஏலே, வந்து பாருங்க! ஊசி முங்கிட்டு! சார் கிட்டயே வரல!"

ஓய்வுக்குப் பிறகு கிடைத்த இந்த வேலையில் நேற்றுதான் நிமிர்ந்து நடந்தேன்.

மிச்சக் கிழங்கை இரவு பொரித்தேன். முதலிலேயே உப்புப் போட்டதில் தண்ணீர் விட்டுக் குழைந்துவிட்டது. பாடம் நடத்தியவனுக்கே அது தோன்றவில்லை. நீ எப்போது உப்புப் போடுவாய்? உடனே எழுது. மணி அடித்துவிட்டது.

உன்,
சிவக்கொழுந்து