குச்சிக்கால் அரணை

பக்கத்து மனையில் இன்று காலை ஜேசிபி இறங்கியது. வேரோடு பெயர்ந்த ஈரமண்ணின் வாசனை சமையலறை வரை வந்தது. வேலை முடிந்து நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது உங்கள் சட்டையில் வருமே, அதே வாசனை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

கூடுவாஞ்சேரியைச் சுற்றி நீங்கள் வண்டி ஓட்டிச் சமப்படுத்தாத மனை குறைவு. புதர் என்றால் உங்களுக்குக் கூலி, அவ்வளவுதான். கோவளத்துக்கு மேற்கே இருந்த அந்தக் காட்டுத் துண்டுக்குப் போகும்வரை அப்படித்தான் இருந்தீர்கள்.

அன்று போனில் உங்களுக்கு மூச்சு வாங்கியது. "பாம்புன்னு கம்பிய ஓங்கிட்டேன். பாத்தா காலு கீது! நாலு காலு, தொடப்பக்குச்சி கணக்கா. அத்த வச்சி நடக்கக்கூட முடியல, மண்ணுக்குள்ள நீஞ்சிகினு போவுது."

"கடிச்சிடப் போவுது, வாங்க" என்றேன். சிரித்தீர்கள்.

மறுநாள் என்னையும் அழைத்துப் போனீர்கள். அடர்நிழல் தரும் ஒரு வீரமரத்தடியில் உளுத்த கட்டையைப் புரட்டினீர்கள். விரல் நீளம், எண்ணெய் தடவியது போன்ற பழுப்பு. ஒரு கணம் தெரிந்தது. பிறகு மண் மூடிக்கொண்டது. கட்டையைக் குழந்தையைக் கிடத்துவது போல மறுபடி வைத்தீர்கள்.

நீங்கள் போனில் எடுத்துப் பலருக்கும் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, ஊர்வனவற்றை ஆராயும் ஒரு பெண் வந்தார். இது அழிந்துகொண்டிருக்கும் அரணை இனம், நிழல் போனால் பிழைக்காது என்றார். "புடிச்சி வேற எங்கனா உட்டா?" என்று கேட்டீர்கள். "எங்க விடுறது அண்ணா? இந்தப் பக்கம் காடே இல்லையே" என்றார். அவர் வனத்துறைக்குப் போட்ட மனுவுக்கு, அது தனியார் நிலம் என்று பதில் வந்தது.

மனைக்காரரிடம் நீங்களே போய் நின்றீர்கள். "அந்த மரத்தடி மட்டும் உட்டுடலாம் சார்."

"அரணைக்கா நான் எடம் வாங்கினேன்? ஓட்டுறதுன்னா ஓட்டு, இல்லன்னா சாவிய வச்சிட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தீர்கள். சாப்பிட உட்கார்ந்தும் சோற்றில் கை வைக்கவில்லை. "நான் வந்து இன்னா ஆச்சு? மத்தியானமே வேற ஆளு வந்துட்டான்." அந்த வாரமே காடு வெறுந்தரையாகிவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில், ஓடும் பேருந்தில் உங்கள் இதயம் நின்றுபோனது. துக்கத்துக்கு வந்தவர்கள்கூட, பல்லிக்காக வேலையை விட்ட மனுஷன் என்றார்கள். பல்லி இல்லை, அரணை என்று நான் திருத்தவில்லை.

போன மாதம் அந்தப் பெண்ணோடு, காடு இருந்த இடத்துக்குப் போனேன். புதிதாக எழுப்பியிருந்த மதில் ஓரமெல்லாம் தேடினோம். சிமெண்ட் தூள்தான் வந்தது. "வேற எங்கயாவது இருக்குமாம்மா?" என்று கேட்டேன். அவர் கைமண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தெருவில் புங்க இலைகளைக் கூட்டிக் கொளுத்தும்போது இப்போதெல்லாம் முதலில் கையால் கிளறிப் பார்க்கிறேன். எதுவும் ஓடுவதில்லை. ஓடாது என்று தெரியும். இருந்தாலும் கிளறாமல் என்னால் தீக்குச்சியை உரச முடியவில்லை.