அரைஞாண் காசு

ஆவணி 10, செவ்வாய்

கடைக்கு வந்தவர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைத்தான் பார்த்தார். வெளிநாட்டுக் காசு சேர்ப்பவராம். அக்கா மகனின் அரைஞாண் கயிற்றில் நடுவில் ஓட்டையுள்ள ஆப்பிரிக்கக் காசு ஒன்று கோத்திருக்கிறது.

"எம்புட்டு நாளா இதத் தேடுறேன் தெரியுமா தம்பி? பதிலுக்கு வெள்ளியில ஒண்ணு வாங்கிப் போட்டுவிடுறேன்" என்றார்.

மாமாவுக்கு ஒரே சிரிப்பு. "கறுத்த காசுக்கு வெள்ளியா? யோகக்காரன்டா மாப்ள நீ!" என்று மகன் கன்னத்தைக் கிள்ளினார்.

அக்கா வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். மாமாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இவன் பிறந்த அன்று அம்மா கட்டிவிட்ட காசு அது. அதைக் கழற்றினால்... எழுதக் கை வரவில்லை.

முடிச்சு அவிழவில்லை. "ஏ புள்ள, கத்தரிய எடு" என்றார் மாமா. கத்தரி என் மடியில், தைத்துக்கொண்டிருந்த ரவிக்கைக்கு அடியில் இருந்தது. துணியை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"சாணை பிடிக்கக் குடுத்திருக்கு மாமா."

"டெய்லர் கடையில கத்தரி இல்லையாம்! வெளிய சொல்லிராத, சிரிப்பாய்ங்க."

"அவசரமில்ல தம்பி, காலையில வாரேன்" என்று அவர் போய்விட்டார்.

மாமா தூங்கியபின் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மாவப் பாக்கணும் போல இருக்குடி. விடியப் பேரையூருக்கு பஸ் இருக்கும்ல?"

இருக்கும் என்றேன். பிள்ளையின் சட்டைகளை எடுத்துப் பையில் வைத்தேன்.