நான்கு நாள் வராத நினைவூட்டல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே நலம். இதை அக்காவைப் படித்துக் காட்டச் சொல்.

உன் கண் ஆபரேஷனுக்குப் பிறகு, சொட்டு மருந்து நேரத்துக்குத் தினமும் போன் செய்தவன் நான்கு நாள் செய்யவில்லை. நீ கேட்டபோது வேலை அதிகம் என்றேன். பொய். என் போனில் அந்த நேரத்தை நினைவூட்டும் செயலி நின்றுபோனது, நானும் மறந்துவிட்டேன். "எங்கம்மா கண்ணுக்கு யாருங்க பொறுப்பு?" என்று அந்தச் செயலியை உருவாக்கியவர்களை அவர்களுடைய இணையப் பக்கத்தில் திட்டி எழுதினேன். அதே பக்கத்தில் மற்றவர்கள் வரிசையாக நன்றி எழுதியிருந்தார்கள். அதை உருவாக்கியவர்கள் சம்பளம் இல்லாமல், தங்கள் வேலை முடிந்த பிறகு அதைப் பராமரிக்கிறார்களாம். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

அவர்களில் ஒருவர் பதில் போட்டார்: "மன்னிச்சிடுங்க, சரி பண்ணிட்டோம். அம்மாவுக்குக் கண்ணு இப்ப எப்படி இருக்கு?"

நன்றி எழுத உட்கார்ந்தேன். தினமும் மருந்து போட்டாயா என்று மட்டுமே கேட்டிருக்கிறேன்; அவர் கேட்டதற்குப் பதில் எனக்கே தெரியவில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. கண் எப்படி இருக்கிறது, அம்மா?

உன் மகன்