கிண்டி நத்தைகள் ஏழு

மயிலாப்பூர்
3-10-1948

அன்புள்ள சண்முகசுந்தரத்துக்கு,

இனாயத் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். தங்கச்சி ஜெயபாரதியும் குழந்தைகளும் சுகமா? நாலு ஞாயிற்றுக்கிழமையாக நீ வரவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து இத்தனை நாள் நீ என்னோடு பேசாமல் இருந்ததில்லை.

உன் மாப்பிள்ளை எதிரில் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள். ஆனால் சொன்ன விஷயம் நிஜம். நீ ஒரே பெட்டியில் அண்ணன் தம்பியாக வைத்திருக்கும் இரண்டு நத்தை ஓடுகளுக்கும், பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், உறவே கிடையாது. காலேஜில் இரண்டு வகையையும் அறுத்துப் பார்த்தேன். உள்ளே எல்லாம் வேறு. உன் கிணற்றடியில் ஓடில்லாமல் ஒன்று ஊர்கிறதே, அதுதான் அந்த இரண்டில் ஒன்றுக்குப் பங்காளி. அதன் முன்னோருக்கும் ஓடு இருந்தது. முதுகுத் தோலுக்கு அடியில் இன்னும் ஒரு துண்டு இருக்கிறது. இப்படிப் பல நத்தைக் குடும்பங்கள் தனித்தனியாக ஓடில்லாதவை ஆகியிருக்கின்றன.

கல்கத்தாவில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும். சண்டை போடக்கூட ஆளில்லாத ஊரில் நான் இருந்து என்ன செய்ய?

உன்
இனாயத்


தியாகராய நகர்
9-10-1948

இனாயத்துக்கு,

சுகம். போவதானால் போ.

இருபது வருஷமாக ஞாயிறுதோறும் கிண்டிப் புதர்களில் பொறுக்கியவை அவை. செத்து உலர்ந்த ஓடுகளை மட்டுமே எடுப்பேன். உயிரைக் கொல்லாத சைவக்காரன் வேறெப்படிச் சேர்ப்பான்? நீ கத்தியை எடுத்தாய், ஒரே நாளில் எல்லாம் பொய் என்றாய். மாப்பிள்ளை சிரித்தார்.

ஓடில்லாதது ஓடுள்ளதற்குப் பங்காளியாம். யாரிடம் கதை விடுகிறாய்?

சண்முகசுந்தரம்


தியாகராய நகர்
24-10-1948

அன்புள்ள இனாயத்,

போன வாரம் நல்ல மழை. கிணற்றடி அண்டாவில் அந்த ஓடில்லா நத்தை ஒன்று விழுந்து செத்துக் கிடந்தது. நான் கொல்லவில்லை. சவர பிளேடால் முதுகைக் கீறினேன். ஜெயபாரதி எட்டி நின்று, "குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும், ஆமா" என்றாள்.

நகம் போல ஒரு துண்டு இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் என் விரல் தெரிந்தது. குளித்துவிட்டு வந்து, பெட்டியில் அந்த இரண்டு ஓடுகளையும் பிரித்து வைத்தேன். நம் தையல் கடையில் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட இரண்டு பேரை நான் உறவென்று சொல்வேனா? இத்தனை வருஷம் அதைத்தான் செய்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. உன் மேல் கோபித்தது அதைவிட வெட்கம்.

அன்று சாயங்காலமே கிண்டிக்குப் போய் ஏழு நத்தைகளை உயிரோடு கொண்டுவந்தேன், உனக்காக. மண்சட்டியில் இருக்கின்றன. வெள்ளரிக்காய் தின்கின்றன. கத்தி வைக்க விடமாட்டேன். தானாகச் சாகட்டும், ஒவ்வொன்றும் சாகும்போது நீ வந்து அறுத்துப் பார். இரண்டு மூன்று வருஷம் உயிரோடிருக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

நேற்று ஜவ்வரிசி மாதிரி முட்டை வேறு இட்டிருக்கின்றன. கல்கத்தாவுக்கு யோசித்து எழுது.

உன்
சண்முகம்


மயிலாப்பூர்
27-10-1948

சண்முகம்,

வர இயலாது என்று கல்கத்தாவுக்கு எழுதிவிட்டேன். சட்டியை வெயிலில் வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை வெள்ளரிக்காய் நான் வாங்கி வருகிறேன்.

இனாயத்