பிலார் அம்மா வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சோறு

கானத்தூர் குப்பம்,
புதன்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

வெண்ணிலா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் பாப்பாவும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் “நல்லாதான் கீறேன்” என்று போனை வைத்துவிடுவீர்கள். அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். முழுதும் படியுங்கள்.

உங்களோடு அறையில் இருந்த ஜேசன் அண்ணன் பேசினார். அவர் வேறு போட்டுக்கு மாறி அறையைக் காலி செய்த பிறகு நீங்கள் சரியாகச் சாப்பிடுவதே இல்லையாம். போன வாரம் வலை இழுக்கும்போது தலை சுற்றித் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தீர்களாம். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்களாம். இதை நான் அவர் சொல்லித்தான் கேட்க வேண்டுமா? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உங்களைத் திட்டவும் மனசு வரவில்லை. இங்கே கரை ஏறினால் நாலு பேர் ஒரே குண்டானைச் சுற்றி உட்கார்ந்து, கையோடு கை இடிக்கச் சாப்பிட்ட ஆள் நீங்கள். கல்யாணமான புதிதில் உங்களுக்கு மட்டும் தனித் தட்டில் போட்டேன். ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி முழித்தீர்கள். அப்படிப்பட்டவர் ஸ்பெயினில் ஒரு மாடி அறையில் தனியாக என்னத்தைச் சாப்பிடுவீர்கள்.

அதனால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

கீழ்க்கட்டளையில் என்னிடம் மீன் வாங்குவாளே ஷாயிஸ்தா, அவளுக்கு ஸ்பெயின்காரர்களோடு போனில் பேசுகிற வேலை. அவளுக்குச் சங்கரா மீன் சுத்தம் செய்துகொண்டே, ‘கூட’ என்பதற்கு அந்தப் பாஷையில் என்ன என்று கேட்டேன். “கோன்” என்றாள். நான் உடனே கெத்தாக “ஷாயிஸ்தா கோன்” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “அக்கா, கோன் முன்னாடி வரணும், ஆளு பேரு அப்புறம்தான்” என்றாள். நாக்கு எங்கே கேட்கிறது? பஸ்ஸில் வரும்போதெல்லாம் கோன் அத்தை, கோன் பாப்பா, கோன் வஞ்சிரம் என்று சொல்லிப் பழகினேன். வீட்டிலும் அதே வேலைதான். அத்தை, “இன்னாடி, அடுப்பாண்ட நின்னுகினு ஒளறிகினு கீற?” என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

உங்கள் போன் தண்ணீரில் விழுந்தபோது வீட்டுக்கார அம்மா பிலாருடைய போனில் என்னோடு பேசினீர்களே, அந்த நம்பருக்கு நேற்று வாய்ஸ் அனுப்பினேன். ஷாயிஸ்தா தானே பேசித் தருவதாகத்தான் சொன்னாள். நான் விடவில்லை. என் புருஷனுக்கு நான்தான் சோறு கேட்பேன். “மோகன் கோமெர் கோன் பிலார், போர் ஃபவோர்.” மோகன் சாப்பிடணும், பிலாரோடு, தயவுசெய்து. அவ்வளவுதான் எனக்கு வந்தது.

பதில் நீளமாக வந்தது. எனக்குப் புரிந்தது ஒரே ஒரு கோன். மீதியை ஷாயிஸ்தா சொன்னாள். நீங்கள் குடிவந்த புதிதில் அந்த அம்மா சாப்பிடக் கூப்பிட்டாராம். நீங்கள் சிரித்துக் கையை ஆட்டிவிட்டு மாடி ஏறிவிட்டீர்களாம். தங்கள் சாப்பாடு உங்களுக்கு ஆகாது போல என்று, அவர் மறுபடி கூப்பிடத் தயங்கினாராம். உங்களுக்கும் கூச்சம், அவருக்கும் கூச்சம். நடுவில் வயிறு காய்கிறது. நன்றாக இருக்கிறது கூத்து!

வருகிற ஞாயிறு மதியம் சோறும் மீனும் செய்கிறாராம். அவர், அவர் வீட்டுக்காரர், நீங்கள். திங்கட்கிழமை நீங்கள் மறுபடி கடலுக்குப் போக வேண்டும். வெறும் வயிற்றோடு நீங்கள் போட் ஏறுவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. போங்கள் மாமா. பேசத் தெரியாவிட்டால் பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும். உப்பு, காரம் இருக்காது. அதைப் பார்க்காதீர்கள். இன்னொரு கரண்டி போட வந்தால் கையை ஆட்டாதீர்கள்.

உங்கள் பக்கத்தில் உட்கார எனக்கு ஆசை இல்லையா? முடியவில்லையே. அதனால்தான் முகம் பார்த்திராத ஒரு பொம்பளையிடம் கெஞ்சினேன். இது உங்களுக்கு மானக்கேடாகத் தெரியலாம். என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள். சாப்பிட்டுவிட்டுத் திட்டுங்கள்.

கடலம்மா காப்பாற்றட்டும்.

உங்கள்
வெண்ணிலா